எஞ்சின் சத்தம்: எதைக் கேட்பது, எப்போது கேட்பது

காரில் வழக்கத்திற்கு மாறான சத்தம் வருகிறது என்று பட்டறைக்குப் போனால், அனுபவமுள்ள மெக்கானிக் "என்ன மாதிரிச் சத்தம்?" என்று கேட்பதற்கு முன்பே "எப்போது வருகிறது?" என்று கேட்பார். காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போதா, எஞ்சின் சூடேறிய பிறகா, மேடு ஏறும்போதா, ஏ.சி. போட்டவுடனா, வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே வருகிறதா என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். நாமோ அந்தச் சத்தத்தை வாயால் செய்துகாட்டுவதிலேயே குறியாக இருப்போம். கடகட, கரகர, கிணுகிணு, படபட என்று ஒலியைக் குறிக்கும் இரட்டைக்கிளவிகளுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. ஆனால் ஒருவர் காதுக்குக் 'கடகட' என்று கேட்பது இன்னொருவருக்கு 'டகடக' என்று கேட்கும். சத்தம் எப்போது தொடங்கி எப்போது நிற்கிறது, எதனோடு சேர்ந்து கூடிக் குறைகிறது என்பதில் அப்படிப்பட்ட கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த 'எப்போது' என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டே செல்லும்.

எஞ்சினின் தாளம்

இன்று சாலையில் ஓடும் பெட்ரோல், டீசல் கார்கள் ஏறத்தாழ அனைத்திலும் இருப்பது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். காற்றை உள்ளிழுத்தல், அதை அழுத்துதல், எரிபொருளை எரித்துத் தள்ளுதல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கு வேலைகளையும் ஒரு சிலிண்டர் செய்து முடிப்பதற்குள் பிஸ்டன் இருமுறை மேலேறி இருமுறை கீழிறங்குகிறது. அதாவது பிஸ்டனோடு இணைந்த கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டோ அதே நேரத்தில் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். எளிதாகத் தோன்றும் இந்தக் கணக்குதான் சத்தத்தைப் பிரித்தறிய நமக்குக் கிடைக்கும் முதல் கருவி.

ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்றுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிராங்க் தண்டு வினாடிக்கு 13 முறைக்குச் சற்று அதிகமாகவும், கேம் தண்டு அதில் பாதியாக, 6 அல்லது 7 முறையும் சுற்றுகின்றன. நான்கு சிலிண்டர் எஞ்சினாக இருந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 27 முறை எரிதல் நடக்கும். வினாடிக்கு 20 முறைக்கு மேல் ஒலிக்கும் தட்டல்களை நம் காது தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. அவை ஒன்றோடொன்று குழைந்து ஒரே உறுமலாகிவிடுகின்றன. அதனால்தான் நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினின் ஓட்டம் நமக்கு ஒரு சீரான இரைச்சலாகக் கேட்கிறது. அந்த இரைச்சலுக்கு மேல், தனித்தனியாக எண்ணிவிடலாம் போன்ற ஒரு தட்டல் எழுந்தால், அது வினாடிக்கு 6, 7 முறை வருகிறதா, அதைப் போல இரு மடங்கு விரைவாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். மெதுவான தட்டல் என்றால் கேம் தண்டையும் வால்வையும் சார்ந்த மேற்பகுதியைச் சந்தேகிக்கலாம்; விரைவானது என்றால் கிராங்க், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஆகியவை இருக்கும் கீழ்ப்பகுதியைச் சந்தேகிக்கலாம். காதால் எண்ணுவது கடினமாக இருந்தால் கைபேசியில் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுக் கேட்கலாம்.

இந்தக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு சிலிண்டரில் எரிதலோடு சேர்ந்து எழும் எந்தச் சத்தமும், அது புகைக் கசிவாக இருந்தாலும் சரி, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கோளாறாக இருந்தாலும் சரி, இரண்டு கிராங்க் சுற்றுக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே மெதுவான தட்டல் என்றவுடனே வால்வுதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

எஞ்சினா, சக்கரமா?

எஞ்சின் சத்தம் என்று வந்து நிற்கும் புகார்களில் எஞ்சினுக்குத் தொடர்பே இல்லாதவை கணிசமாக இருக்கும். இதைப் பிரித்தறிவதும் எளிது. வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் அதே சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால், அது எஞ்சினையோ அதன் பெல்ட்டால் சுழலும் உறுப்புகளையோ சேர்ந்தது. நின்ற வண்டியில் வராமல், ஓடும்போது மட்டும் வந்து, எந்தக் கியரில் இருந்தாலும் வண்டியின் வேகத்தோடு மட்டுமே கூடிக் குறைந்தால் அது சக்கரத்தின் பக்கத்துச் சத்தம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சாதாரணக் காரின் சக்கரம் வினாடிக்கு ஏறத்தாழ 9 முறை சுற்றுகிறது. வீல் பேரிங் தேய்ந்தால் எழும் உறுமல் வேகத்தோடு ஏறும், வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது கூடவோ குறையவோ செய்யும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் வரும் 'டக் டக்' பெரும்பாலும் முன்சக்கர டிரைவ் ஷாஃப்டின் இணைப்புத் தேய்மானம்.

கிளட்சு மிதியும் ஒரு சாட்சி. நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது மிதியை அழுத்தியவுடன் கரகரப்புத் தோன்றினால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கையும், அழுத்தியவுடன் சத்தம் மறைந்து விட்டவுடன் திரும்பி வந்தால் கியர் பாக்ஸின் உள்நுழை தண்டின் பேரிங்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டுக்குமே எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை.

ஆயிலும் உலோகமும்

எஞ்சினுக்குள் எழும் சத்தங்களில் மிக முக்கியமானவை ஆயிலோடு தொடர்புடையவை என்பதால் இங்கே சற்று நிதானமாகப் பார்க்கலாம். கிராங்க் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் நல்ல நிலையில் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கிட்டால் அதில் சில பங்கு அளவே உள்ள இடைவெளியில் ஆயில் அழுத்தத்துடன் பாய்ந்து, சுழற்சியின் விசையால் ஒரு மெல்லிய மெத்தையாக நின்று தண்டை ஏந்திக்கொள்கிறது. ஆயில் குறைந்தாலோ, நீர்த்துப்போனாலோ, பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினாலோ அந்த மெத்தை உடைந்து உலோகம் உலோகத்தின்மேல் மோதும். அந்த மோதல்தான் கனெக்டிங் ராடு பேரிங்கின் 'டொக் டொக்' என்ற கனத்த சத்தம். மூடிய கதவைச் சுத்தியலால் உள்ளிருந்து தட்டுவது போன்ற ஓசை அது.

ராடு பேரிங் சத்தத்திற்குச் சில அடையாளங்கள் உண்டு. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் காலையில் அது அடங்கியிருந்து, எஞ்சின் சூடாகி ஆயில் இளகியபின் வலுக்கும். எஞ்சினை 2,000 முதல் 2,500 சுற்றுவரை உயர்த்தி, ஆக்சிலரேட்டரை மெல்ல விடும் அந்தத் தருணத்தில் இன்னும் தெளிவாகக் கேட்கும். குறிப்பிட்ட சிலிண்டரை எரியவிடாமல் தடுத்தால், அந்த ராடின்மேல் சுமை இறங்குவதால் சத்தம் அடங்கும் அல்லது மாறும். கடைசிச் சோதனையை மெக்கானிக் செய்யட்டும். இக்னிஷன் காயிலில் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் உருவாகிறது, மேலும் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய்ச் சேர்ந்து அங்கே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் தேய்ந்தால் இதைவிடத் தாழ்ந்த 'தொம் தொம்' என்ற அதிர்வு, சுமை ஏறும்போது தோன்றும்.

இந்தச் சத்தம் கேட்டால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக் கூடாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டும். பேரிங் சிக்கிக்கொண்டால் தண்டையே அரித்துவிடும். ராடு உடைந்து எஞ்சினின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. சிவப்பு நிற எண்ணெய்க் குவளை விளக்கு எரிந்தாலும் இதே விதிதான். அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. அதுவும் அழுத்தம் மிகவும் தாழ்ந்துவிட்ட பிறகுதான் எரிகிறது. ஆகவே "விளக்கு இப்போதுதான் எரிந்தது, இன்னும் பத்துக் கிலோமீட்டர் தாங்கும்" என்பது தவறான கணக்கு.

இனி மேற்பகுதிக்கு வருவோம். 'டிக் டிக்' என்று தையல் இயந்திரம் போல மெல்லியதாகவும் சீராகவும் வரும் சத்தத்தை நம் ஊர்ப் பட்டறைகளில் 'டப்பட் சத்தம்' என்பார்கள். கேம் தண்டின் மேட்டுக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள இடைவெளி அளவுக்கு மீறிப்போனால் ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும் ஒரு சிறு தட்டல் எழும். சில எஞ்சின்களில் இந்த இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும். மெல்லிய தகடுகளைச் செருகி, ஒரு மில்லிமீட்டரின் பத்தில் இரண்டு மூன்று பங்கு என்ற அளவில் பார்ப்பார்கள். வேறு பல எஞ்சின்களில் ஆயில் நிரம்பிய ஹைட்ராலிக் டப்பட் தானாகவே இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. வண்டி சில நாள் நின்றிருந்தால் அதிலுள்ள ஆயில் வடிந்துவிடுவதால், ஸ்டார்ட் செய்த சில வினாடிகள் டிக் டிக் என்று ஒலித்து, ஆயில் ஏறியவுடன் அடங்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, ஆயில் அளவுகோலை உருவித் துடைத்து மீண்டும் செருகிப் பார்ப்பதுதான். ஒரு லிட்டர் ஆயில் குறைந்ததால் வந்த டப்பட் சத்தத்திற்கு எஞ்சின் ஹெட்டையே இறக்கி வேலை பார்த்த கதைகள் உண்டு.

காலையில் மட்டும் வந்து, சூடானதும் மறையும் வேறொரு சத்தமும் இருக்கிறது. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சிலிண்டரின் உட்சுவர் பல எஞ்சின்களில் வார்ப்பிரும்பு. அலுமினியம் வெப்பத்தில் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், சூடான நிலையில் பொருந்த வேண்டுமென்றால் குளிர்ந்த நிலையில் பிஸ்டன் சற்றுத் தளர்வாகத்தான் இருந்தாக வேண்டும். தேய்மானம் கூடிய எஞ்சினில் இந்தத் தளர்வு அதிகமாகி, பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது பக்கச் சுவரில் அறையும். உள்ளீடற்ற மர டப்பாவைத் தட்டுவது போல இருக்கும். ஓரிரு நிமிடங்களில் மறைந்து, ஆயிலும் குறையாமல், நீலப் புகையும் வராமல் இருந்தால் அந்த எஞ்சின் இப்படியே நெடுங்காலம் ஓடும். மாறாக, ஸ்டார்ட் செய்தவுடன் ஓரிரு வினாடி சங்கிலியைத் தகரத்தில் இழுப்பது போன்ற கரகரப்பு வந்தால் அது கேம் தண்டைக் கிராங்கோடு இணைக்கும் டைமிங் செயினின் தளர்ச்சி. செயினை இறுக்கும் டென்ஷனர் பல எஞ்சின்களில் ஆயில் அழுத்தத்தால் இயங்குவதால் அழுத்தம் ஏறும்வரை செயின் ஆடுகிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. செயின் பல் தாண்டிவிட்டால் பல எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின்களிலோ அறுவதற்கு முன் எந்தச் சத்தமும் வராமலே போகலாம். அங்கே காதை நம்பாமல், கையேட்டில் சொன்ன கிலோமீட்டரை நம்ப வேண்டும்.

மேடு ஏறும்போது

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். குடும்பத்தோடும் சாமான்களோடும் ஏறும்போது, இரண்டாம் கியருக்கு இறங்க மனமில்லாமல் மூன்றிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தினால், சில வண்டிகளில் ஒரு தகர டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போன்ற 'கிணுகிணு' ஓசை எழும். இதைத்தான் நாக்கிங் என்கிறார்கள். இங்கே எந்த உறுப்பும் தளர்ந்து தட்டவில்லை. ஸ்பார்க் பிளக்கிலிருந்து தொடங்கிச் சீராகப் பரவ வேண்டிய தீ முழுதும் பரவி முடிவதற்குள், மூலையில் எஞ்சியிருக்கும் பெட்ரோல் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே ஒரே கணத்தில் பற்றிக்கொள்ள, அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவர்களில் மோதி அதிர்வதே நாம் கேட்கும் உலோக ஒலி. ஆக்டேன் என்பது பெட்ரோல் இப்படித் தானாகப் பற்றிக்கொள்வதை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவேயன்றி, அதன் சக்தியின் அளவன்று.

காரணங்கள் பல: கையேட்டில் சொன்னதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல், சிலிண்டருக்குள் படிந்த கரி, கூலன்ட் குறைந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாதல், கலவையில் பெட்ரோல் குறைவு, பொருந்தாத பிளக். இன்றைய கார்களில் எஞ்சினின் மேல் திருகப்பட்டிருக்கும் நாக் சென்சார் இந்த அதிர்வை உணர்ந்து, தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளிச் சமாளிக்கும்; விலையாக இழுவிசை குறையும். ஓட்டுநர் உடனே செய்யக்கூடியது கியரை ஒன்று குறைப்பது. ஓசை நின்றுவிட்டால் நாக்கிங்தான் என்பதும் உறுதியாகிவிடும். எப்போதாவது ஒரு வளைவில் கேட்பது தீங்கில்லை. சமதளத்திலும் தொடர்ந்து கேட்டால் பிஸ்டன் மேற்பரப்பு உருகித் துளைபடும் அளவுக்குப் போகும் என்பதால் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

டீசல் எஞ்சினில் கணக்கு வேறு. அங்கே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்வதுதான் அதன் இயக்கமுறையே, ஆகவே ஓரளவு கடகடப்பு இயல்பானது. குளிர்ந்த நிலையில் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். கவலைப்பட வேண்டியது ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றோடு சேராமல் கூர்மையாக அறைவதுதான். பெரும்பாலும் அது இன்ஜெக்டர் கோளாறு. பழைய டீசல் வண்டிகளில் எந்தச் சிலிண்டர் என்று அறிய இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. கார் டயரில் இருப்பது ஏறத்தாழ 2 பார் அழுத்தம்; காமன் ரெயில் பைப்பில் 1,000 பாருக்கு மேலும் போகும். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும்.

பெல்ட்டும் அதன் சுற்றமும்

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன், அதுவும் மழைநாளில், தெருவே திரும்பிப் பார்க்கும்படி 'கீஈஈச்' என்று அலறுவது எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் பெல்ட். ஸ்டார்ட் செய்ததில் இறங்கிய பேட்டரியை ஆல்டர்னேட்டர் மீண்டும் ஏற்றும் அந்த நேரத்தில் பெல்ட்டின்மேல் சுமை அதிகம். பெல்ட் தளர்ந்தோ வழுவழுப்பாகியோ இருந்தால் வழுக்கி அலறும். பெல்ட்டின் பல் பக்கத்தில் சில துளித் தண்ணீரைத் தூரத்திலிருந்து தெளித்துப் பார்க்கும் ஒரு பழைய சோதனை உண்டு. சத்தம் சிறிது நேரம் மறைந்து பிறகு திரும்பினால் பெல்ட் ஓடும் சக்கரங்கள் நேர்க்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் கூடினால் பெல்ட்டின் இறுக்கம் போதவில்லை. பெல்ட்டுக்கு எண்ணெயோ மெழுகோ பூசி வாயடைப்பது சில நாள் நிம்மதிக்கு மட்டுமே உதவும்.

பெல்ட்டால் சுழலும் உறுப்புகளின் பேரிங் தேய்ந்தால் அலறலுக்குப் பதிலாக முனகலோ அரைக்கும் ஓசையோ வரும். ஆல்டர்னேட்டர் கிராங்கைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதன் ஓசை மெல்லிய ரீங்காரமாக இருக்கும். தண்ணீர்ப் பம்பு என்றால் அதனடியில் கூலன்ட் கசிந்து காய்ந்த தடம் தெரியலாம். ஏ.சி.யை அணைத்துப் போட்டால் கம்ப்ரசர் குட்டு வெளிப்படும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் முனகினால் பவர் ஸ்டீயரிங் பம்பு. மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டீயரிங் உள்ள புதிய வண்டிகளில் அந்தப் பம்பே கிடையாது. இவற்றில் எது என்று தெரியாவிட்டால் மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சில வினாடிகள் மட்டும் ஓடவிடுவார். சத்தம் போய்விட்டால் எஞ்சினுக்குள் கோளாறு இல்லை என்று பொருள். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், இந்தச் சோதனையைச் செய்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். விரிசல் விட்ட கிராங்க் புல்லியும், போல்ட் தளர்ந்த ஃப்ளைவீலும் (கிராங்கோடு சுழலும் கனத்த சக்கரம்) ராடு பேரிங்கைப் போலவே தட்டி ஏமாற்றக்கூடியவை.

காற்றும் புகையும்

கசிவுச் சத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 'உஸ்' என்று இழுக்கும் சீறலோடு ஸ்லோ ஓட்டம் ஏறி இறங்கினால் எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்தோடு இணைந்த ஏதோ ஒரு வேக்குவம் குழாய் விரிசல் விட்டிருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. டர்போ வண்டியில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் சீறி, பிக்கப்பும் குறைந்தால் காற்றுக் குழாயின் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் (இணைப்பின் இடைவெளியை அடைக்கும் தகடு) பழுதானால் வரும் 'டிக் டிக்', டப்பட் சத்தத்தின் இரட்டைப் பிறவி. இரண்டையும் பிரிப்பது சுமைதான்: புகைக் கசிவு ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வலுக்கும், குளிர்ந்த நிலையில் அதிகமாக இருந்து உலோகம் சூடேறி விரிந்ததும் குறையும், கசியும் இடத்தில் கரித்தடம் படியும். இதை வெறும் சத்தப் பிரச்சினையாக விட்டுவிடக் கூடாது. வெளியேறும் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அது காருக்குள் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து.

எஞ்சின் நடுங்கி, ஒரு துடிப்பு விட்டுவிட்டு ஓடுவது மிஸ்ஃபயர். செக் எஞ்சின் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் எரியாத எரிபொருள் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஸ்கேனரை இணைத்தால் பி0301 என்ற பிழைக் குறியீடு முதல் சிலிண்டரையும், பி0302 இரண்டாவதையும் காட்டும். காருக்கு அடியில், ஒரு குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் மட்டும் தகரம் அதிர்வது போல ஒலித்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சைலன்சருக்கு மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகடு துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். எஞ்சினே போய்விட்டதென்று நான் ஒரு வாரம் தூக்கமிழந்த சத்தம், கடைசியில் இப்படி ஒரு தகடாகத்தான் முடிந்தது; ஒரு கிளிப்பு போட்டதோடு சரி.

வெள்ளத்துக்குப் பின் வரும் தட்டல்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களுக்குச் சொல்லப்பட்ட முதல் எச்சரிக்கை, தண்ணீர் வடிந்தபின்னும் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்பதே. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அப்படி அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் செல்ஃப் எடுத்தால் மேலேறும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்க, கனெக்டிங் ராடு வளையும். சில சமயம் எஞ்சின் ஓடவும் செய்யும். ஆனால் வளைந்த ராடு நீளம் குறைந்துவிட்டதால் அந்தச் சிலிண்டரில் அழுத்தம் போதாமல், ஒரு தட்டலும் நடுக்கமும் நிரந்தரமாகத் தங்கிவிடும். தேங்கிய நீரைக் கடந்த மறுநாள் புதிதாக ஒரு தட்டல் தொடங்கினால், அந்தத் தண்ணீரைப் பற்றி மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கோளாறு இல்லாத சத்தங்கள்

வண்டியை அணைத்தபின் ரேடியேட்டர் விசிறி ஓடிக்கொண்டிருப்பது, புகைக்குழாய் ஆறும்போது 'டிங் டிங்' என்று சுருங்குவது, ஏ.சி. அணைத்தபின் குழாய்களில் 'ஸ்ஸ்' என்று வாயு சமநிலை அடைவது, பெட்ரோல் ஆவியைச் சேமிக்கும் அமைப்பின் வால்வு அவ்வப்போது சொடுக்குவது ஆகியவை எல்லாம் இயல்பானவை. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் எஞ்சின்கள் பிறவியிலேயே டிக் டிக் என்று ஒலிக்கும். மூன்று சிலிண்டர் எஞ்சின் ஸ்லோவில் சற்று அதிர்வதும் அதன் வடிவமைப்பைச் சேர்ந்தது. ஏ.சி. விசிறியின் வேகத்தோடு கூடும் சரசரப்பு, வேப்ப மரத்தடியில் நிறுத்திய வண்டியில் இலை புகுந்ததாக இருக்கலாம்.

எப்படிக் கேட்பது

மெக்கானிக்குகள் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்துக் கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். எஃகில் ஒலி காற்றில் செல்வதைப் போல 15 மடங்குக்கு மேல் விரைவாகவும், வழியில் சிதறாமலும் பயணிப்பதால், முனை தொட்ட இடத்தின் சத்தம் மட்டும் தெளிவாக வந்து சேரும். இரண்டு மூன்று இடங்களில் வைத்து எங்கே உரக்கக் கேட்கிறது என்று ஒப்பிடுவதுதான் சூட்சுமம். சீறலைத் தேட உலோகக் கம்பி உதவாது. ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியைக் கசிவின் அருகிலும் பிடிக்க வேண்டும். இவற்றைச் செய்யும்போது துப்பட்டா, வேட்டி நுனி, அவிழ்ந்த தலைமுடி எதுவும் பெல்ட்டின் அருகில் போகக் கூடாது. ரேடியேட்டர் விசிறி அறிவிப்பின்றிச் சுழலத் தொடங்கும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்கவும் கூடாது.

பட்டறை வாசலை மிதித்ததும் சத்தம் நின்றுவிடுவது எல்லோருக்கும் நேர்வது. எஞ்சின் அதற்குள் சூடாகியிருக்கும் என்பதே பெரும்பாலும் காரணம். குளிர்ந்த நிலையில் மட்டும் வரும் சத்தமென்றால் முந்தின இரவே வண்டியை அங்கே விட்டுவிட்டு வாருங்கள்; முடியாவிட்டால் கைபேசிப் பதிவைக் கொண்டுபோங்கள். "காலையில் ஸ்டார்ட் செய்ததும் வருகிறது, இரண்டு நிமிடத்தில் நிற்கிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அதோடு சேர்ந்து விரைவாகிறது, ஏ.சி. போட்டாலும் மாறவில்லை, போன மாதம் ஆயில் மாற்றினேன்" என்று சொல்லத் தெரிந்தவருக்குப் பாதிச் சோதனை வீட்டிலேயே முடிந்துவிட்டது.

பழைய கார் வாங்கப் போகும்போதும் இதே அறிவு பயன்படும். பார்க்கப் போகும் முன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் குளிர்ந்த நேரத்துச் சத்தம் ஏதோ மறைக்கப்படுகிறது என்று ஐயுறலாம். பிறகு அரைமணி நேரமாவது ஓட்டி, நன்றாகச் சூடான எஞ்சினை மீண்டும் கேளுங்கள். தேய்ந்த பேரிங்கின் தட்டலை அடக்கக் கையேட்டில் சொன்னதைவிடக் கெட்டியான ஆயில் ஊற்றி விற்பதும் உண்டு, அந்தக் கெட்டி ஆயிலும் சூட்டில் இளகியே தீரும்.